கம்முனு இருக்கிற மேனேஜர்

அக்கா பையனுக்கு இந்த வருஷ அப்ரைசலில் டீம் லீட் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “வேலையெல்லாம் சூப்பரா பண்றீங்க, ஆனா மீட்டிங்ல உங்க குரலே கேக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க மாமா. விசிபிலிட்டி பத்தாதாம். லீடர்ஷிப் மெட்டீரியல் இல்லையாம்.”

தினமும் பம்மலிலிருந்து பல்லாவரம் போய், ரேடியல் ரோட்டைப் பிடித்துத் துரைப்பாக்கம் போகிறவன். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் முதல் போன் இவனுக்குத்தான் வரும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சந்தேகம் என்று வந்து நிற்பதும் இவன் மேசைக்கு முன்னால்தான். இதையெல்லாம் அந்த அலுவலகம் எந்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறதோ, தலைமை என்ற கணக்கில் எழுதவில்லை. அவனைத் தேற்றுகிற வேலையை அக்கா பார்த்துக்கொள்வாள். எனக்கு அந்தத் தீர்ப்பின் மேல்தான் கோபம். அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளும்.

நம் பக்கத்தில் தலைவர் என்றால் கையில் மைக் இருந்தாக வேண்டும். ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றும்போது பாருங்கள். மைக்கைப் பிடித்து “அன்பார்ந்த பெரியோர்களே தாய்மார்களே” என்று ஆரம்பிக்கிறவர் பெயர் பிளெக்ஸில் மேலே இருக்கும். கேழ்வரகு எத்தனை கிலோ, அண்டா யாரிடம் வாடகை, மழை வந்தால் பந்தலுக்கு என்ன வழி என்று பத்து நாளாக ஓடிய ஆள் பெயர் இருக்காது. இருந்தாலும் எழுத்துப் பிழையோடு இருக்கும். 2021 நவம்பரில் பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் நகராட்சிகளை எல்லாம் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கியபோது, எந்த வேலைக்கு எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று தெருவில் பாதிப் பேருக்குக் குழப்பம். எங்கள் காலனியில் அதைச் சரி செய்தவர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்காருவார். பழைய மனுக்களின் நகல், ரசீது, தேதி எல்லாம் ஒரு பைலில் ஒழுங்காக வைத்திருப்பார். சங்கத் தலைவர் மாறிக்கொண்டே இருக்கிறார், பைல் மாறவில்லை.

பம்மல் சங்கரா நகர்ப் பெண்கள் 1990களில் வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கத் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் எக்ஸ்நோரா கிரீன் பம்மல் என்று வளர்ந்தது. அந்த வேலையை மேடை போட்டுச் செய்ய முடியாது. எவ்வளவு நன்றாகப் பேசினாலும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே வாளியில்தான் கொட்டுவோம். வாசல் வாசலாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் நின்று, அந்த அம்மா சொல்லும் சாக்குகளைப் பொறுமையாகக் கேட்டு, மறுநாள் மறுபடி போய் நின்றால்தான் நடக்கும். ஊரில் நிலைத்து நிற்கிற பல காரியங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

அக்கா பையன் மாதிரி ஆட்களை இன்ட்ரோவர்ட் என்பார்கள். அப்படியென்றால் கூச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921ல் எழுதிய நூல் வழியாகத்தான் இந்தப் பிரிவு பரவலாயிற்று. அவர் பார்த்தது பயத்தை அல்ல, ஒருவரின் மனம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை. கூச்சம் உள்ளவருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். இன்னொருவருக்குப் பயமே இருக்காது, பேசச் சொன்னால் நன்றாகவே பேசுவார். ஆனால் இரண்டு மணி நேரக் கூட்டம் முடிந்தால் பழைய செல்போன் மாதிரி சார்ஜ் இறங்கித் தனியாகப் போய் உட்காருவார். அக்கா பையன் இரண்டாவது ரகம்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அந்த ரகம்தான்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984ல் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்தை நாம் மெப்ஸ் என்போம். அதற்குள் தோல் ஜாக்கெட் தைக்கும் ஒரு கம்பெனியில் நான் செக்கிங்கில் சேர்ந்தேன். தோல் வேலைக்கு ஒரு தனிக் கொடுமை உண்டு. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்தாலும் தடம் போகாது. அப்புறம் ஷேடு. ஒரே கறுப்பு என்று வந்த தோல்களில் ஒன்று லேசாக நீலம் அடிக்கும், ஒன்று பழுப்பு அடிக்கும். முன்பக்கம் ஒரு ஷேடும் கை ஒரு ஷேடுமாகத் தைத்துவிட்டால் அந்த ஜாக்கெட்டை வாங்குகிறவன் தொடமாட்டான். ஆக, தப்பு மெஷினுக்குப் போகுமுன்பே யாராவது வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடிய ஆள் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அம்மாதான். பொழுதுக்கும் தோல் அவர் கையில்தான் இருக்கிறது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த லைன் சூப்பர்வைசர் நாகல்கேணி தோல் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். காலையில் ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் நின்று, “என்னம்மா, ஓடுதா?” என்பார். அதோடு நிறுத்திவிட்டு நிற்பார். அந்த நிற்பதுதான் விஷயம். பதில் வரும்வரை நகரமாட்டார். முதலில் “ஓடுதுண்ணே” என்று வரும். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால், “இந்தக் கை மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருக்குண்ணே, பாருங்க” என்று வரும். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார். ஆமாம் என்றால் மொத்தக் கட்டையும் கட்டிங்குக்குத் திருப்பி அனுப்புவார். இல்லையென்றால், ஏன் இல்லை என்று அந்த அம்மாவுக்குக் காட்டிவிட்டுப் போவார். எப்படியும் அடுத்த தடவை அந்த அம்மா சொல்லத் தயங்கமாட்டார்.

பக்கத்து லைனில் இன்னொருவர். அவர் குரல் கேட் வரைக்கும் கேட்கும். போர்டில் டார்கெட் எழுதி, கை தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டுவார். ஜாலியான மனுஷன், எனக்கும் பிடிக்கும். ஷிப்மென்ட் நாள் நெருங்கி, புது ஆட்களை வைத்து ராத்திரி ஓட்ட வேண்டுமென்றால் அவரை விட்டால் ஆள் கிடையாது. தூங்கி வழிகிறவர்களை எழுப்பி உட்கார வைக்கிற சக்தி அது, எங்கள் சூப்பர்வைசருக்கு வராது. ஆனால் டிசைன் கஷ்டமான ஆர்டர் வந்தால் அவர் லைனில் ரிஜெக்ட் குவியும். ஷேடு மாறியதை அங்கேயும் யாரோ ஓர் அம்மா பார்த்திருப்பார். அவ்வளவு சத்தத்துக்கு நடுவே அதைப் போய் யார் சொல்வது?

இதையே அமெரிக்காவில் ஆய்வாக எழுதியிருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ, டேவிட் ஹாஃப்மேன் மூவரும் 2011ல் வெளியிட்டது. ஒரு பீட்சா கம்பெனியின் 57 கடைகளை எடுத்துக்கொண்டு, மேனேஜர் எந்தக் குணம், ஊழியர்கள் தாமாக யோசனை சொல்கிறவர்களா, லாபம் எவ்வளவு என்று பார்த்திருக்கிறார்கள். சொன்னதை மட்டும் செய்கிற ஊழியர்கள் இருந்த இடத்தில், கலகலப்பான மேனேஜரின் கடை 16 சதவீதம் கூடுதல் லாபம் காட்டியது. ஊழியர்கள் தாமாக முன்வந்து சொல்கிறவர்களாக இருந்த இடத்தில் அதே கலகலப்பான மேனேஜரின் கடை 14 சதவீதம் குறைவு. ஜினோவின் வேறு சில ஆய்வுகளின் தரவுகளைப் பற்றி 2023ல் பெரிய சர்ச்சை எழுந்தது, அவர் மறுத்தார். அதனால் இந்த எண்களை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மெப்ஸில் கண்ணால் பார்த்ததே போதும்: அமைதியான மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. அவருக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் அமைதியானவர்கள் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. நம் கட்சியிலும் ஓட்டை உண்டு.

பின்னாளில் வேறொரு இடத்தில் எனக்கு வாய்த்த மேனேஜர் எதற்கும் வாய் திறக்காதவர். அறைக்குள் போனால் தலையாட்டுவார். சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, வெளியே போ என்றா, யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் மனுஷ மனம் சும்மா இருக்குமா? கேன்டீனில் உட்கார்ந்து ஆளுக்கொரு கதை கட்டினோம். இன்கிரிமென்ட் இல்லையாம், ஆள் குறைக்கப் போகிறார்களாம், யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். ஒன்றும் உண்மை இல்லை. அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைவிட மோசம், மேலிடத்தில் எங்களுக்காகவும் அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்துப் பிரிவு மேனேஜர் பேசிப் பேசியே இரண்டு ஆள், ஒரு புது மெஷின் வாங்கினார். எங்களுக்கு வந்தது காலண்டர். அந்த மனிதரும் இன்ட்ரோவர்ட்தான், எங்கள் பழைய சூப்பர்வைசரும் இன்ட்ரோவர்ட்தான். ஒருவர் மௌனத்தில் கேட்கிற காது இருந்தது, இன்னொருவர் மௌனத்தில் கதவு மட்டும் இருந்தது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு குறைவாகப் பேசிய தலைவரைப் பற்றி எழுதினால் காமராஜரிடம் வராமல் இருக்க முடியாது. அவரை இன்ட்ரோவர்ட் என்று முத்திரை குத்த நான் தயாராக இல்லை. ஊர் ஊராகச் சுற்றியவர், பார்க்க வருகிறவர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர். ஆனால் பேச்சு அளந்துதான் வரும். அடுக்குமொழியில் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறவர்கள் எழுந்து வந்த அதே காலத்தில், வீட்டுத் திண்ணையில் பேசுகிற தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டு உட்காருகிறவர் 1954 ஏப்ரலிலிருந்து 1963 அக்டோபர் வரை முதலமைச்சராக இருந்தார். கோரிக்கையோடு வருகிறவர்களிடம் அவர் சொல்லும் “பார்க்கலாம்” ஊர் அறிந்தது. இன்றைக்கு ஓர் அலுவலகத்தில் “பார்க்கலாம்” என்றால் நடக்காது என்று அர்த்தம். அவர் சொன்னால் நடக்கும் என்று எதிரே நின்றவர் நம்பினார். கேட்டது மறக்காது என்ற நம்பிக்கை அது.

அவருடைய அமைச்சரவையைப் பாருங்கள். மொத்தம் எட்டுப் பேர். தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் உள்ளே வைத்துக்கொண்டார். இதைப் பெருந்தன்மை என்று மேடையில் சொல்வார்கள். எனக்கு இது கெட்டிக்கார நிர்வாகமாகத்தான் தெரிகிறது. சுப்பிரமணியம் கல்வி, நிதி இரண்டையும் கையில் வைத்து ஓட்டக்கூடியவர். தொழில் துறைக்குப் பின்னாளில் ஆர். வெங்கடராமன் வந்தார், நம் பக்கத்துக் கிண்டித் தொழிற்பேட்டை 1958ல் எழுந்தது. பள்ளிக்கூடங்களுக்குக் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. இவர்கள் யாருமே சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் போகிற ரகம் கிடையாது. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு தலைவரும் பேசிக்கொண்டே இருந்தால் வேலை எப்போது நடக்கும்? கேட்டுவிட்டு, முடிவு சொல்லிவிட்டு, வழிவிட்டார். மதிய உணவுத் திட்டம் ஊர் மக்களே அரிசியும் பருப்பும் கொடுத்துத் தொடங்கிய ஒன்று, 1956ல் அரசுத் திட்டமாக விரிந்தது. கீழே இருந்து வருவதைக் காதில் வாங்காத ஒருவர் முதல்வராக இருந்திருந்தால் அது அந்த ஊர்களோடு நின்றிருக்கும்.

1964 மே 27ல் நேரு இறந்தார். அப்போது காமராஜர் காங்கிரஸ் தலைவர். அடுத்தது யார் என்று டெல்லியே கொதித்தபோது அவர் செய்தது, தலைவர்களையும் முதல்வர்களையும் எம்.பி.க்களையும் ஒவ்வொருவராகப் பார்த்ததுதான். தன் ஆள் யார் என்று சொல்லாமல் அவரவர் மனதைக் கேட்டார். பொதுக்கருத்து சாஸ்திரி பக்கம் என்று அறிவித்தார், ஜூன் 2ல் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். காமராஜருக்கு இந்தியும் சரளமில்லை, ஆங்கிலமும் சரளமில்லை. ஆனால் அன்றைய டெல்லியில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லோரும் அவரிடம்தான் பேசியிருந்தார்கள்.

அதே காமராஜர் 1967ல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு என்று காரணங்கள் உண்டு. ஆனாலும் கூட்டத்தோடு பேசத் தெரிந்த ஒரு கட்சி எதிரில் நிற்கும்போது, செய்ததைச் சொல்லிக்கொள்ளாத பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அலுவலகத்திலும் அந்த விலை உண்டு, அப்ரைசலில் கழித்துக்கொள்வார்கள்.

எப்போது பேசுவது என்பதற்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர் ஒருவர் சொன்ன கதை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆயிரம் முறை வந்த கதைதான். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் கிளம்பிச் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அந்த எம்.ஐ.டி.காரர், அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18ல் ராக்கெட் சரியாகப் பறந்தபோது, நீயே போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார். இதைப் பொதுவாகப் பணிவுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு மைக் கணக்காகப் படுகிறது. திட்டு வாங்க வேண்டிய நாளில் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், பாராட்டு வரும் நாளில் தள்ளிவிட்டார். 2023 ஐ.பி.எல். கோப்பையை வாங்க ராயுடுவையும் ஜடேஜாவையும் முன்னால் அனுப்பிய நம்ம தோனியும் இதே கட்சி. என் காலண்டர் மேனேஜர் இதைத் தலைகீழாகச் செய்தார்: எங்களுக்காகப் பேச வேண்டிய நாளில்தான் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

கூட்டம் நடத்தும் முறையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004ல் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, விஷயத்தை ஆறு பக்கத்துக்குள் வாக்கியங்களாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து பேசாமல் படிக்க வேண்டும், பேச்சு அப்புறம். பெசோஸ் ஒன்றும் சாதுவான மனிதர் இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் வேகமாகப் பேசுகிறவருக்கும் மெதுவாக யோசிக்கிறவருக்கும் ஒரே கோட்டில்தான் ஓட்டம் ஆரம்பிக்கிறது.

இப்போது நான் இருக்கும் இடத்தில் ஆறு பக்கமெல்லாம் நடக்காது. அரைப் பக்கம், தமிழில். திங்கட்கிழமை புரொடக்ஷன் மீட்டிங்கில் முதல் பத்து நிமிஷம் படிப்பது, ஓரத்தில் எழுதுவது. பிறகு வயதிலும் பதவியிலும் சின்னவரிலிருந்து பேச்சு. கட்டிங் இன்சார்ஜ் நண்பர் முதல் வாரமே, “இன்னா சார், பரீட்சை ஹாலா இது?” என்று கேட்டார். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சில வாரம் வெற்றுத் தாள்தான் திரும்பி வரும். ஒரு வாரம் செக்கிங்கில் இருக்கும் ஓர் அம்மா, மீட்டிங்கில் நான் குரலே கேட்டறியாதவர், “இந்த சைஸ் சார்ட் போன ஆர்டரோடது மாதிரி இருக்கு” என்று பென்சிலால் எழுதியிருந்தார். கட்டிங்கை நிறுத்திவிட்டு பையருக்கு மெயில் போட்டோம். அந்த அம்மா சொன்னதுதான் சரி.

லைன் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகிறது. அந்த அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவங்க லைனைச் சத்தம் போட்டு நடத்துவாங்களா என்று மேலே கேட்டார்கள். சத்தம் போடுவதற்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எழுதி, அந்த பென்சில் தாளின் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் நேரில் போய்க் கேட்கப் போகிறேன், எனக்கும் பிடிக்காத வேலைதான்.